மூன்று மூட்டைக் கடலை

"மூணு மூட்டைப் பூசணக் கடலை எங்க போச்சு, தமண்டா அம்மா?"

மடாலோ கேட்பது இது மூன்றாவது முறை. இரண்டு மாதத்துக்கு முன் கொட்டகை மூலையில் அவளே கண்ணால் பார்த்த மூட்டைகள். இப்போது மண்ணில் அவற்றின் அச்சு மட்டும் இருந்தது. எஸ்னாத் முறத்திலிருந்து தலை தூக்கவில்லை.

தலைநகர் லிலோங்வேயில் நிலக்கடலை வெண்ணெய் ஆலை நடத்துகிறவள் மடாலோ. கசுங்குப் பக்கத்துக் கிராமங்களில் அதே தொழிலைச் சிறிதாகச் செய்யும் பன்னிரண்டு பெண்களுக்கு ஒரு வருடமாக வழிகாட்டி. இன்று அவள் கையெழுத்துப் போட்டால் எஸ்னாத்தின் பாட்டில்கள் நகரத்துக் கடைகளுக்கு ஏறும். போடாவிட்டால் எல்லாம் இந்தக் கொட்டகையோடு சரி.

பேருந்தை விட்டு இறங்கியதுமே, பன்னிரண்டு பேரில் ஒருத்தியான ஃபலேஸி அவள் காதைக் கடித்திருந்தாள்.

"உங்க செல்லப்பிள்ளை எஸ்னாத் வீட்டுப் பக்கம் நின்னு கேளுங்க மேடம். பொழுது விடிஞ்சா பூசணக் கடலையை உரல்ல இடிக்கற சத்தம்தான். பெத்த பையனையே காவு குடுத்து வியாபாரத்தை வளத்தவ, இதுக்கா கூசப்போறா?"

எஸ்னாத்தின் சின்ன மகன் யாமி இறந்து இரண்டு வாரம் ஆகிறது. வியாபாரம் செழிக்கிற வீட்டில் சாவு விழுந்தால் ஊர் இப்படித்தான் காரணம் கண்டுபிடிக்கும். மடாலோ அதைக் காதில் வாங்கவில்லை. உரல் சத்தம்தான் வழியெல்லாம் அவளைத் துளைத்துக்கொண்டு வந்தது.

கடலையின் மேல் தண்ணீர் தெளித்து உரிப்பது இங்கே எல்லா வீட்டு வழக்கமும். ஓடு இளகும், விரல் நோகாது. மூட்டைக்குள் போனதும் பூசணம் பூக்கும்.

"அதுல ஒண்ணு உள்ள போனாலும் கடைக்காரன் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிடுவான். பொறுக்கிக் குழியில போட்டு மூடுங்க, சந்தையில விக்காதீங்க" என்று முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தாள். நல்ல கடலையில் ஒரு பிடிகூட வீட்டு அடுப்புக்குப் போகக் கூடாது என்பதும் அவள் போட்ட சட்டம்தான். மற்றவர்கள் முந்தானையில் முடிந்து கொண்டுபோனார்கள். எஸ்னாத் மட்டும் அந்தச் சட்டத்தை ஒரு நாளும் மீறியதில்லை.

அவளா இப்படி?

கொட்டகை நிழலில் விரித்த பாயில் எஸ்னாத்தின் மகள் தமண்டா சுருண்டு படுத்திருந்தாள். ஆறு வயது. கண் இரண்டும் மஞ்சள் பூத்து, வயிறு உப்பிக் கிடந்தது. மடாலோவின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க?"

"மலேரியா மாத்திரை குடுத்தாங்க மேடம். யாமிக்கும் அதேதான் குடுத்தாங்க."

"சத்தா ஏதாச்சும் குடு."

"மூணு வேளையும் இடிச்சுக் காய்ச்சி ஊட்டத்தான் செய்யறேன். உடம்புல ஒட்ட மாட்டேங்குது."

மடாலோ பையிலிருந்து சோதனைத் தாள்களை எடுத்தாள்.

"பாட்டிலுக்குள்ள ஒண்ணுகூடப் போகல மேடம். யாமி மேல சத்தியம்."

"சத்தியம் எல்லாம் வேணாம். நான் கை காட்டறதைத் திற."

ஐந்து பாட்டிலைத் தானே பொறுக்கினாள். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து மருந்து நீரில் கலக்கி, தாளை முக்கி வைத்தாள். இரண்டு கோடு வந்தால் சுத்தம். ஒன்றோடு நின்றால் பூசணம்.

வெளியே தகரக் கூரையிலிருந்து மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது. எல்லா வீட்டிலும் சோளக் குதிர் காலியாகிவிடுகிற மாதம். எஸ்னாத் தாளைப் பார்க்கவே இல்லை. அவள் விரல்கள் பாட்டுக்கு முறத்தில் சுருங்கியதைத் தள்ளி, திரண்டதைச் சேர்த்துக்கொண்டிருந்தன.

முதல் தாளில் இரண்டு கோடு. அடுத்ததில் இரண்டு. ஐந்திலும் இரண்டு.

மடாலோவுக்கு மூச்சு வந்தது. சந்தேகப்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது. அதை மறைக்கிற அவசரத்தில் கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டாள்.

"இந்தா. அடுத்த வாரம் லாரி வரும்."

"தேங்க்ஸ் மேடம்." எஸ்னாத் ஒரு முழங்கால் தாழ்த்தி, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். முகத்தில் சிரிப்பு வரவில்லை. பிள்ளையைப் புதைத்து இரண்டு வாரம்தானே என்று மடாலோ நினைத்துக்கொண்டாள்.

"ஃபலேஸி பேச்சைக் கேட்டு உன்னைத் திருடியாக்கப் பாத்தேன். இப்பவாச்சும் சொல்லு. அந்த மூட்டைங்களைச் சந்தையில தள்ளலியே?"

"நீங்க விக்காதன்னு சொன்னப்புறம் விப்பேனா மேடம்? யாருக்கும் விக்கல."

எஸ்னாத் மறுபடி முறத்தின் முன்னால் உட்கார்ந்தாள்.

"நல்லவேளை," மடாலோ பேனாவை மூடினாள். "அந்தப் பூசணம் விஷம், தெரியுமில்ல? பெரியவங்களுக்கே ஈரல் வெந்துடும். சின்னப் பிள்ளைங்க தின்னா ஒரு மாசம்கூடத் தாங்காது."

முறத்தில் ஓடிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

"விஷமா?" எஸ்னாத்தின் குரல் எங்கோ தள்ளியிருந்து வந்தது. "கடைக்காரன் திருப்பி அனுப்பிடுவான்னு மட்டும்தானே சொன்னீங்க."

எஸ்னாத்தின் பார்வை பாயில் கிடந்த மகளிடம் போய் நின்றிருந்தது. அந்தக் கண்கள் ஏன் மஞ்சளாயின என்று மடாலோவுக்கும் இப்போதுதான் புரிந்தது.

எஸ்னாத் சொன்னாள்:

"யாமி நாப்பது நாள் தாங்கினான், மேடம்."