பன்னிரண்டு செகண்ட்

தேர்வில் மாணவர்கள் எழுதுவதில் முதல் மதிப்பெண் பெறும் உற்பத்தித் திட்டம் அன்று மாலையே ஓசூர் ஆலையில் ஓடத் தொடங்கிவிடும். பேராசிரியர் அறவாழிக்கு அதில் தனிப் பெருமை.

வகுப்பின் கெட்டிக்காரி மதிவதனியின் விடையைப் பார்த்ததும் அவருக்குச் சுருக்கென்றது. ஆலையின் உற்பத்தி வரிசையில் பதினான்காவது ஸ்டேஷனில் நிற்கும் ஆள் ஒவ்வொரு சுற்றிலும் பன்னிரண்டு செகண்ட் தாமதம். அவரை அப்படியே விட்டிருந்தாள்.

கூப்பிட்டுக் கேட்டார். “அங்க மெஷின் போடணும்னு உனக்குத் தெரியாதாம்மா?”

“தெரியும் சார். அங்க நிக்கறது எங்கப்பா. முழங்கால நீட்டி மடக்கத்தான் சார் அந்தப் பன்னிரண்டு செகண்ட்.”

அறவாழி, வேறு ஒருவராவது இதே தப்பைச் செய்திருக்க மாட்டாரா என்று மற்ற முப்பத்தொன்பது விடைகளையும் திறந்து பார்த்தார்.

அத்தனை பேரும், அவர் சொல்லிக்கொடுத்தபடியே, பிசகில்லாமல் அந்த ஆளை நீக்கியிருந்தார்கள்.