சேம் சைடு கோல்

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதற்கு அழுவது என்ற விவஸ்தையே இல்லை. என் கேட்டுக்கு முன்னால் இருநூறு பேர் நின்றார்கள், பாதிப் பேர் கண்ணில் தண்ணீர். யாரும் சாகவில்லை. பந்தாட்டத்தில் தோற்றுவிட்டார்களாம்.

எல்லாரையும்விட அதிகமாகக் கத்தியவருக்கு ஐம்பது வயது இருக்கும். கையில் இரண்டு ஹெல்மெட். மண்டையை உடைக்க ஒன்று பத்தாது போலிருக்கிறது.

"போன வருஷம் கடைசி இடம். அஞ்சு மாசம் காத்துக்கிடந்தோம். சீசனோட முதல் மேட்சே இப்படியாடா?" என்று ஒருவன் பச்சைப் பனியனைக் கழற்றித் தரையில் போட்டு மிதித்தான்.

"இந்த மேட்சுக்காக என் கல்யாணத்தையே அடுத்த மாசத்துக்குத் தள்ளி வச்சேன்" என்றான் பக்கத்தில் நின்றவன்.

"விடு, அந்தப் பொண்ணு பொழைச்சுது" என்றது ஒரு குரல். யாரும் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். கடைசி நிமிஷம் வரை ஆட்டம் சமம். புதிதாகச் சேர்ந்த பையன், இருபது வயசு, தடுக்கப் போய்த் தலையால் முட்டிய பந்து நேராகச் சொந்த வலைக்குள்ளேயே விழுந்துவிட்டது. சேம் சைடு கோல். அவனுக்கு அதுதான் முதல் ஆட்டம்.

அவனை வெளியே அனுப்பச் சொல்லித்தான் கூட்டம். மூன்று பேர் கையில் கல் இருந்ததை நான் பார்த்தேன். பார்க்காதது எத்தனையோ.

"தாத்தா, கேட்டைத் திற. உனக்கெல்லாம் ஃபுட்பால்னா என்னன்னு தெரியுமா?"

"தெரியும். உருண்டையா இருக்கும். தள்ளி நில்லு."

ஹெல்மெட்காரர் மறுபடி ஆரம்பித்தார். "முதல் நாளே மானத்தை வாங்கிட்டானே! ராத்திரி பூரா பொட்டுத் தூக்கம் இல்லாம புரண்டுக்கிட்டே கிடந்தா, கால் எங்கடா தரையில நிக்கும்?"

கட்டில் ஓரம் உட்கார்ந்து இவர் பார்த்த மாதிரி. வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்கள்.

முப்பது வருஷமாக இந்த மைதானத்துக்கு நான் காவல். யாரையும் நம்புவதில்லை. அதனால்தான் சாவிக்கொத்து இன்னும் என் இடுப்பில் இருக்கிறது. மேனேஜர் என் காதில் மட்டும் சொல்லியிருந்தார்: அழுக்குத் துணி எடுத்துப்போகும் வேனில் பையனைப் பின்வாசல் வழியாக அனுப்பப் போகிறார்கள். அதுவரை கூட்டம் முன்வாசலை விட்டு அசையக் கூடாது. பின்வாசலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் இங்கே வந்து நின்றிருந்தேன்.

ஹெல்மெட்காரர் கூட்டத்திலிருந்து நழுவி என்னிடம் வந்தார். இப்போது கத்தவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு என் காதருகே குனிந்தார்.

"பெரியவரே, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். அந்தப் பையன் எந்த வாசல் வழியா வர்றான்?"

"உனக்கெதுக்கு?"

"எனக்கு மட்டும் சொல்லுங்க. வேற யார்கிட்டயும் மூச்சுவிட மாட்டேன்."

இப்படிக் குழைகிறவன்தான் முதல் கல்லை எறிவான். எனக்குத் தெரியாதா?

"முன்வாசல்தான்ப்பா. இதோ, இதே கேட்டு."

"சத்தியமா?"

"என் பேரப்பிள்ளைங்க மேல சத்தியம்."

எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

அவர் என்னைக் கும்பிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போனார். அடுத்த நிமிஷம் தொண்டை கிழியக் கத்தினார்.

"டேய், ஏமாத்துறாங்கடா! பின்வாசல் வழியா நழுவுறான்! தண்ணித் தொட்டிப் பக்கம் ஓடுங்க, விடாதீங்க!"

இருநூறு பேரும் மதிலைச் சுற்றி ஓடினார்கள். இந்த ஆளுக்கு யார் சொன்னது? மேனேஜருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. என் முழங்காலை வைத்துக்கொண்டு அவர்களுக்கு முன்னால் நான் எங்கே போய்ச் சேருவது?

தெரு காலி. அந்த ஆள் மட்டும் ஓடவில்லை. மோட்டார் சைக்கிளைக் கேட்டை ஒட்டி நிறுத்தினார், இன்ஜினை அணைக்காமல். ஒரு ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு, இன்னொன்றைக் கேட்டுக்கு மேலாக என்னிடம் நீட்டினார்.

"சீக்கிரம் பெரியவரே! எல்லாரையும் பின்னால விரட்டிட்டேன். முகம் தெரியாம இதை மாட்டிவிட்டு அவனை வரச் சொல்லுங்க. போனை எடுக்க மாட்டேங்கறான்."

"யாருய்யா நீ?"

"அவன் அப்பா."

பின்பக்கமிருந்து முதலில் கண்ணாடி நொறுங்கும் சத்தம் வந்தது. பிறகு, "மாட்டினான்டா!" என்று அத்தனை தொண்டையும் சேர்ந்து.

ஹெல்மெட் அவர் கையிலிருந்து விழுந்து உருண்டது. "முன்வாசல்னு சொன்னீங்களே" என்றார்.

கேட்டைத் திறந்துவிட்டேன். மைதானத்தின் குறுக்கே விழுந்தடித்து ஓடினார்.

சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு நானும் நடந்தேன். ஓடுகிறவர் முதுகைப் பார்த்தேன், பையன் சாயல் தெரிகிறதா என்று. தெரியவில்லை. யாரும் யாரையும் அப்பா என்று சொல்லிக்கொள்ளலாம்.

"யோவ், அப்பன்னா முதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

அவர் திரும்பிப் பார்க்காமல், ஓடிக்கொண்டே கேட்டார்.

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"