பதினெட்டாவது ஆள்

"ஒருத்தர் குறையறது," என்றார் வீரராகவன் மாமா, வேன் கதவை மூடவிடாமல் படியில் நின்றுகொண்டு.

லக்ஷ்மிகாந்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்ரீரங்கத்து ஃபிளாட்காரர்களைத் திரட்டி ஒரு நாள் கோயில் டூர் கிளம்பியது, அசோசியேஷன் செக்ரட்டரியான அவருடைய யோசனைதான். அதில் இந்தக் கப்பல் மாமாவையும் சேர்த்துக்கொண்டதுதான் தப்பாகப் போய்விட்டது.

மாமா கப்பலில் ஆபீசராக இருந்தவர். முப்பது வருஷத்துக்கு முன்னால் அவர் கப்பல் நடுக்கடலில் மூழ்கியபோது, ஒரு படகு நிறைய ஆட்களைக் கரை சேர்த்தவர். அதற்குக் கிடைத்த மெடலை மாமி ஹாலில் மாட்டி வைத்திருக்கிறாள். எல்லாம் பெருமைதான். அதற்காக, இறங்குகிற இடத்திலெல்லாம் தலை எண்ணிக்கொண்டிருந்தால் எப்படி?

திருவானைக்காவலில் தரிசனம் முடிந்து, வேன் நிழலில் நின்றே எல்லோரும் சாப்பிட்டு, ஏறியும் உட்கார்ந்தாயிற்று. மணி பதினொன்றரை. அடுத்தது திருவெள்ளறை. மகள் சுப்ரஜா ராத்திரி ஃபிளைட்டில் கனடா போகிறாள். போவதற்குள் அங்கே அவள் பேரில் அர்ச்சனை செய்வதாக லக்ஷ்மிகாந்த் வேண்டிக்கொண்டிருந்தார். லேட்டாகப் போனால் நடை சாத்திவிடுவார்கள்.

லிஸ்ட்டை எடுத்து மாமாவின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"பதினேழு பேர் மாமா. நேத்தே டைப் அடிச்சு வச்சது. இப்பத்தான் ஒவ்வொரு பேரா படிச்சேன்."

"கார்த்தால ஏறறச்சே எண்ணினேன். டிரைவரைச் சேர்க்காம பதினெட்டு தலை."

"அப்ப அந்தப் பதினெட்டாவது ஆள் யாருன்னு சொல்லுங்கோ."

மாமா தலையைத்தான் எண்ணினாராம், முகத்தைப் பார்க்கவில்லையாம். பெருமாளையும் சேர்த்து எண்ணிவிட்டார் போல என்று பின் சீட்டில் யாரோ சொல்ல, வேன் முழுக்கச் சிரித்தது. டிரைவர் முருகானந்தம் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை.

ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். சுப்ரஜா வேறு வாட்ச்சைப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். லக்ஷ்மிகாந்தின் பொறுமை போயே போய்விட்டது.

"இது கப்பல் இல்லை மாமா, வேன். முழுகாது. ஏறி உக்காருங்கோ."

மாமா ஏறவில்லை. இறங்கிப் போய் வேனுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

இனி கையைப் பிடித்து இழுத்துத்தான் ஏற்ற வேண்டும் என்று லக்ஷ்மிகாந்தும் இறங்கினார். அப்போது பக்கத்துச் சந்திலிருந்து, அடுக்கிய பாத்திரங்களை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு பெண்மணி ஓட்டமும் நடையுமாக வந்தாள். ஃபிளாட்டில் கூட்டிப் பெருக்குகிற பொன்னுத்தாய். புடவை பாதி நனைந்திருந்தது.

"குழாயில தண்ணி நூலாட்டம் வந்துச்சுங்கய்யா. புளியோதரை தூக்குல எண்ணெய்ப் பிசுக்கு போகவே இல்லைங்க. எல்லாரும் காத்திருக்கீங்களா?"

காலையில் வேன் கிளம்புகிற சமயத்தில், பாத்திரம் தேய்க்க ஆள் வேண்டும், நீயும் ஏறிக்கொள் என்று அவளைக் கூப்பிட்டதே லக்ஷ்மிகாந்த்தான். கையிலிருந்த லிஸ்ட்டை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

பொன்னுத்தாய் கடைசி சீட்டுக்குப் பின்னால் பாத்திரங்களோடு போய் உட்கார்ந்தாள். மாமா இன்னொரு தரம் எண்ணிவிட்டு லக்ஷ்மிகாந்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வேன் நகர்ந்தது.

"தப்பா பேசிட்டேன் மாமா," என்றார் லக்ஷ்மிகாந்த்.

மாமா ஜன்னலைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்.

"அன்னிக்கு என் கையிலயும் லிஸ்ட் இருந்தது. பேர் பேரா கூப்பிட்டேன். இருபத்திரெண்டு பேரும் இருந்தா. படகை விடச் சொல்லிட்டேன்."

"அதுக்குத்தானே மாமா மெடலே குடுத்தா?"

"ஆமாம். முந்தின துறைமுகத்துல, பாத்திரம் தேய்க்க ஒருத்தரைப் புதுசா ஏத்திண்டோம். லிஸ்ட்ல பேர் எழுதலை. ஏறச் சொன்னதே நான்தான்."