ஒரு பாய் அகலம்

துண்டுத் துணிகளைப் பாயின் மேல் பரப்பினாள். ஓரத்துக்கு ஓரம் சரியாக வந்தது.

எல்லாம் கட்டிங் வேஸ்ட். பனியன் கம்பெனிகளின் பின்வாசலில் மூட்டையாகக் கிடப்பது. சாம்பல், மஞ்சள், இருமல் மருந்தின் சிவப்பு. யாரும் இன்னும் போட்டிராத சட்டைகளின் மிச்சம்.

ஒரு போர்வை தைக்க வேண்டும். தனக்கும் மகளுக்கும்.

அந்த வீட்டில் இரண்டு பேர். ஒரு பாய், ஒரு போர்வை. இத்தனை வருடம் அது போதுமானதாக இருந்தது.

அவளுக்கு நைட் ஷிப்ட். மகள் பள்ளியில் சேர்ந்த வருடத்திலிருந்தே அப்படித்தான். சாயங்காலம் மகளை உள்ளே விட்டுக் கதவை வெளியே பூட்டுவாள். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வேன் ஏறுவாள். காலையில் மகள் எழுந்த சூட்டில் இவள் படுப்பாள்.

இப்போது மகள் கல்லூரிக்குப் போகிறாள். பாய் அதேதான்.

போன மாதம் தூக்கக் கலக்கத்தில் ஓவர்லாக் மெஷினின் ஊசிக்கு விரலைக் கொடுத்தாள். குத்தியது தெரியவில்லை. இன்னும் இரண்டு சட்டைக்குக் கை மூட்டினாள். அடுத்தது வெள்ளை. அதில்தான் ரத்தத்தைப் பார்த்தாள்.

சூப்பர்வைசர் ஒரு மாதம் லீவு கொடுத்தான். பகல் ஷிப்டில் ஓர் இடம் காலியாகிறது, வேண்டுமானால் மாறிக்கொள்ளுங்கள் என்றான். மாதம் முடிவதற்குள் சொல்ல வேண்டும்.

லீவின் முதல் நாள் ராத்திரி மகள் பாயில் படுத்தாள். இவள் தரையில், சேலையை விரித்து.

இருவருமே தூங்கவில்லை.

மகளுக்கு இன்னொரு ஆளின் மூச்சுச் சத்தம் பழக்கமில்லை. இவளுக்கு இருட்டே பழக்கமில்லை.

விடிந்ததும் மகள் கேட்டாள்.

"எப்பம்மா திரும்பப் போவ?"

அதற்கு மேல் கேட்க எதுவும் இல்லை என்று இவள் நினைத்தாள். ஊசியை எடுத்தாள்.

பகலில் தூக்கம் பின்மண்டையில் கல்லாக உட்கார்ந்திருக்கும். படுத்தால் இரவு கெட்டது. படுக்கக் கூடாது. தைத்தாள். ஊசி இரண்டாகத் தெரியும்போது புத்தகத்தை எடுத்தாள். எழுத்து கலங்கும்போது ஊசி.

புத்தகம் மகள் கிளை நூலகத்தில் எடுத்தது. காணாமல்போன தம்பியைத் தேடி ஊர் ஊராகப் போகிறவனின் கதை. மகள் படித்த இடத்தில் பஸ் டிக்கெட் இருந்தது. இவள் படித்த இடத்தில் ஒரு சாம்பல் துணி.

பாதிப் புத்தகம் வரை தேடிக்கொண்டே இருந்தான்.

"இப்பிடிச் சுத்தறானே. இவனுக்குச் சோறு யாரு போடறாங்க?"

மகள் சிரித்துவிட்டாள். இவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று மறந்திருந்தது.

"தம்பி கெடைக்கறானா?"

"நீயே படி."

அவ்வளவுதான் பேச்சு.

கை நேராகப் போக மறுத்தது. ஒரு சாண் தைத்ததும் தையல் தானாக வளைந்தது. தோளில் கை மூட்டுகிற வளைவு. இத்தனை வருடம் அதை மட்டுமே தைத்த கை. முழுச் சட்டை ஒன்றை அவள் தைத்ததே இல்லை. பிரித்தாள். மறுபடி தைத்தாள். மறுபடி வளைந்தது. போகட்டும் என்று விட்டாள்.

பஸ் டிக்கெட் எப்போதும் முன்னால் போய்க்கொண்டிருந்தது. கடைசி வாரம் அது நகரவில்லை. பரீட்சையாக இருக்கும் என்று நினைத்தாள். சாம்பல் துணி அந்தப் பக்கத்துக்கே வந்து சேர்ந்தது.

போர்வை முடிந்த அன்று மதியம் மகள் வீட்டில் இருந்தாள். இருவருமாக ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து உதறி விரித்தார்கள்.

மகள் நின்று பார்த்தாள்.

"ம்மா. இது ஒராளுக்குத்தான இருக்குது."

இருந்தது.

நீளம் சரி. அகலம் பாயளவு. பாயின் மேல் பரப்பிப் பரப்பித்தான் ஒரு மாதமும் தைத்தாள். அந்த வீட்டில் படுக்கைக்கு வேறு அளவே இல்லை.

மகள் உள்ளே போய்விட்டாள்.

அவள் போர்வையை மடித்தாள். ஓராளுக்கு நன்றாகவே இருக்கும். கனமாக இருந்தது.

சூப்பர்வைசர் போனில் கூப்பிட்டான்.

"ஏனுங்க்கா, என்ன முடிவு பண்ணீங்க? பகல் சீட்டுக்கு ரெண்டு பேரு நிக்கறாங்க."

"அவங்களுக்கே குடுத்துருப்பா. நா நைட்டுக்கே வந்தர்றேன்."

"இன்னிக்கேவா?"

"இன்னிக்கே."

சமையல் மேடைக்கு அந்தப்பக்கம் மகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

சாயங்காலம் இவள் சோறு வடித்தாள். வேலைக்குச் சோறு கொண்டுபோகும் தூக்குப்போசியைத் தேடினாள். ஆணியில் இல்லை. அடுப்படியில் இல்லை.

மடித்து வைத்த போர்வையின் மேல் இருந்தது.

தூக்கினாள். கனத்தது. மூடியைத் திறந்தாள்.

நூற்கண்டுகள். கத்தரி. ஊசி குத்தி வைத்த அட்டை. அழுத்தி அழுத்தி நிரப்பியிருந்தது. ஒரு பிடி சோறு வைக்கக்கூட இடமில்லை.

மகள் சுவரில் சாய்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"செவுத்துப் பக்கமா இன்னொரு பாதி சேத்தோணும். மூட்டைல துணி இருக்குதில்ல."

தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது.

அவள் உட்கார்ந்தாள். நூலின் நுனியை உதட்டில் வைத்து ஈரமாக்கினாள். ஊசியின் காது தெரியவில்லை. ஒரு முறை தவறியது. மறுபடி தவறியது.

வேன் இரண்டாவது முறை அடித்தது.

மகள் எழுந்து போய் லைட்டைப் போட்டாள்.