நெட் அசையவில்லை

கோலா பிலாவிலிருந்து தன்னைப் பெண் பார்க்க வந்த திருமாறனை, எஸ்டேட் பூப்பந்துத் திடலுக்கு ஆட அழைத்துப்போனாள் லோகேஸ்வரி. அம்மாவும் கூடவே போனாள்.

கடைசிப் பாயிண்டில் அவனே கையைத் தூக்கினான். "என் ரேக்கட் நெட்டுல பட்டுருச்சு. நீங்கதான் ஜெயிச்சீங்க."

அம்மா பூரித்துப்போய் மகளிடம் வந்தாள். "யாருமே பாக்கல, தானா ஒத்துக்கிட்டாரு பாரு! இவருதான்டி மாப்பிள்ளை."

"எனக்கு வேணாம்மா."

"பட்டம் வாங்குனதும் திமிரு லா உனக்கு! நேர்மையான பையன்கிட்ட என்னடி குறை?"

"நெட் அசையவே இல்லம்மா. பொம்பளப் பிள்ளைன்னு பொய் சொல்லி விட்டுக்கொடுத்தாரு. நாளைக்கு வீட்டுலயும் இப்படித்தான் பொய் சொல்லுவாரு." லோகேஸ்வரி அவனுக்குக் கேட்கும்படியே சொன்னாள்.

திருமாறனின் முகம் சிவந்துவிட்டது. "தப்புதாங்க. தோத்தா உங்க மனசு வாடிரும்னு நெனச்சேன். இன்னொரு ஆட்டம் ஆடலாமா?"

இந்த முறை அவன் விட்டுக்கொடுக்கவில்லை. அவன் ஜெயிக்க ஒரே ஒரு பாயிண்ட் பாக்கி இருந்தபோது, நெட்டருகே அவள் தட்டிய பந்து அவன் பக்கம் விழுந்தது. அம்மா கைதட்டினாள்.

"தட்டாதம்மா. என் ரேக்கட் நெட்டுல பட்டுருச்சு. அவருதான் ஜெயிச்சாரு."

"நெசமாவா?" என்றான் திருமாறன் சந்தேகமாக.

"நெட்டப் பாருங்க."

நெட் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"அம்மா, மாப்பிள்ளைக்குத் தண்ணி குடு," என்றாள் லோகேஸ்வரி.