சேர்த்து வைத்தவள்

இவன் வாயில் அம்மாவின் பேர் வராமல் இருந்தால் போதும் என்று நினைத்தாள் ஸ்டெபி. அம்மாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து, கோயில் முற்றத்தில் அவள் கணவன் டெரன்ஸ் மைக்கைப் பிடித்திருந்தான்.

"படுத்த படுக்கையான மாமாவைப் பன்னெண்டு வருசம் பாத்தாவ மாமி. மாதர் சங்கத்துல நின்னு, பிரிஞ்ச குடும்பம் பதினெட்டைச் சேத்து வச்சாவ. எங்க வீட்டுக்கு வந்த எடத்துல வழுக்கி விழுந்து..." தேம்பினான். கூட்டமே அழுதது.

சங்கத்து ஏஞ்சலின் ஸ்டெபியின் தோளைத் தொட்டாள்.

"ஏளா, எத்தன நாளைக்கு அப்பா வீட்டுலயே கெடப்ப? மாப்பிள்ளைகூடப் போ. உங்கம்மா இருந்தா அவளே கொண்டுவிட்டிருப்பா."

"கொண்டுவிடத்தான் அன்னைக்கும் வந்தாவ, அக்கா. அவன் எனக்கு ஓங்குன துடுப்பு அம்மா மண்டையில எறங்கிச்சு. 'வழுக்கி விழுந்தேன்னு சொல்லு, குடும்பம் பிரியக்கூடாது'ன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டுத்தான் கண்ண மூடுனாவ."

ஸ்டெபி குரலை உயர்த்தவில்லை.

"நான் போவல்ல."