பின்வரிசைக்காரன்

செத்துக் கிடந்தவர்கள் எல்லாரும் அப்போதுதான் பியூட்டி பார்லரிலிருந்து வந்தவர்கள் போலிருந்தார்கள்.

போர் முடிந்த களம். ராணி விளக்கை ஏந்திக்கொண்டு பிணங்களுக்கு நடுவே தன் மகனைத் தேடுகிறாள். இதைத்தான் ஏஐயிடம் கேட்டிருந்தேன். அது ராணியின் கையில் டார்ச் லைட்டைக் கொடுத்திருந்தது.

இதாவது பரவாயில்லை. போன வாரம் ராஜாவுக்குக் கைக்கடிகாரம் கட்டிவிட்டது.

என் வேலை ஸ்டோரிபோர்டு. சரித்திரப் படங்களின் காட்சிகளை ஷூட்டிங்குக்கு முன்னால் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பேன். இப்போது வரைவதில்லை, டைப் அடிக்கிறேன். இத்தனை வருஷம் நான் வரைந்ததை எல்லாம் கம்பெனியில் ஸ்கேன் செய்து ஏஐக்கு ஊட்டிவிட்டார்கள். அது என் கோட்டில், என் நிழலில், என்னைவிட வேகமாக வரைகிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்து ராஜாக்களின் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன்.

டைரக்டர் போன் பேச வெளியே போயிருந்தார். மறுபடி கேட்டேன். இந்தத் தடவை சேறு வந்தது, ரத்தம் வந்தது, ராணிக்கு ஒழுங்கான எண்ணெய் விளக்கு வந்தது.

இடது ஓரத்தில் என் தம்பி கிடந்தான்.

பைக்கை சர்வீஸுக்கு விட்டுட்டு வரேன் என்று ஒரு காலையில் கிளம்பிப் போனவன். சாயங்காலம் மெக்கானிக்தான் போன் செய்தார், வண்டி ரெடி என்று. எடுக்க அவன் வரவில்லை. அப்புறம் எங்கேயும் வரவில்லை. போலீஸ், ஆஸ்பத்திரி, பேப்பர் விளம்பரம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை.

அதனால் நானே அவனை இருக்க வைத்தேன்.

எந்தக் கூட்டம் வரைந்தாலும் பின்வரிசையில் அவன் இருப்பான். அரண்மனையில் காவலாளி, கப்பலில் துடுப்புக்காரன், கோட்டை வாசலில் மூட்டை தூக்குகிறவன். வலது புருவத்தில் வெட்டுத் தழும்பு, கொஞ்சம் விடைத்த காது. கூட்டம் மொத்தமும் ராஜாவைப் பார்க்கும்போது அவன் மட்டும் நம்மைப் பார்ப்பான். போட்டோவிலும் அப்படித்தான் நிற்பான் திருட்டுப்பயல். முகம் மறையக் கூடாது என்று தலைக்கவசம்கூடப் போட மாட்டேன். ஒரு டைரக்டர் கேட்டதற்கு மறந்துவிட்டேன் என்றேன்.

சாவு விழும் இடத்தில் மட்டும் அவனை வரைந்ததே இல்லை. சண்டை என்றால் ஈட்டி எட்டாத தூரத்தில் நிறுத்திவிடுவேன்.

இதெல்லாம் அம்மாவுக்காக என்று சொல்லிக்கொள்வேன். கூட்டக் காட்சி வரைந்த அன்றைக்குப் படத்தை அம்மாவின் போனுக்கு அனுப்ப வேண்டும். அவள் பெரிதாக்கிப் பெரிதாக்கி அவனைக் கண்டுபிடிப்பாள். கண்டுபிடித்துவிட்டு என்னைத் திட்டுவாள். எப்பப் பார்த்தாலும் பிள்ளையைப் பின்னாடியே தள்ளிவிடுகிறாயாம், முகமே சரியாகத் தெரிவதில்லையாம்.

இப்போது முகம் நன்றாகத் தெரிந்தது. சேற்றில் ஒரு கன்னம் புதைந்திருந்தது. கண் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். காதோரம் நரை வேறு. நரை நான் போட்டதே இல்லை. போன அன்றைக்கு இருந்த வயசிலேயேதான் வைத்திருந்தேன். இன்றைக்கு அவனுக்கு என்ன வயசோ, அந்த வயசில் கிடந்தான்.

அந்த ஆளை எடுத்துவிடு என்று அடித்தேன். எடுத்தது. ராணியின் காலடியில் கிடந்தான்.

மறுபடி எடுக்கச் சொன்னேன். செத்த குதிரைக்குப் பின்னால் கிடந்தான்.

கண்ணையாவது மூடு என்றேன். களத்தில் இருந்த அத்தனை பேரின் கண்ணும் மூடியது. அவன் கண்ணைத் தவிர.

அதைக் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை. அவன் இல்லாமல் ஒரு கூட்டத்தை நான் அதற்குக் காட்டியதே கிடையாது. நான் ஒளித்து வைத்ததைத்தான் அது முதலில் படித்திருக்கிறது. இது கூட்டம். ஆகவே அவன் இருக்க வேண்டும். கூட்டம் முழுக்கச் செத்துக் கிடக்கிறது. ஆகவே அவனும்.

இத்தனை வருஷமாக யாரும் எங்களிடம் சொல்லாததை அது சொல்லிவிட்டது. எனக்கு அழுகைகூட வரவில்லை.

டைரக்டர் உள்ளே வந்தார். என் தோளுக்கு மேல் குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

“மத்தவன்லாம் நடிக்கிறான். குதிரை பக்கத்துல கிடக்கிறான் பாருங்க, இவன் ஒருத்தன்தான் நிஜமாவே செத்திருக்கான். இவனை முன்னாடி கொண்டாங்க மேடம்.”

கொண்டு வந்தேன். வேறு என்ன செய்ய? இந்தத் தடவை ஏஐ ஒரு தப்பும் செய்யவில்லை. கடிகாரம் இல்லை, டார்ச் லைட் இல்லை. கேமராவுக்கு வெகு கிட்டத்தில் அவன் கிடந்தான். அவனுக்குப் பின்னால், தூரத்தில், ராணி வேறு பக்கம் தேடிக்கொண்டிருந்தாள். டைரக்டர் ஓகே சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

போன் அடித்தது. அம்மா.

“இன்னைக்குக் கூட்டம் வரையணும்னு சொன்னியேடி. எங்க நிக்கிறான்?”

திரையைப் பார்த்தபடியே இருந்தேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. நிஜத்தையும் சொல்ல முடியவில்லை.

“முதல் வரிசையிலம்மா.”

அம்மா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனையோ வருஷமாகிறது.

“அப்பாடா, இப்பவாச்சும் பிள்ளையை முன்னாடி விட்டியே. இரு, கண்ணாடியை எடுத்துட்டு வரேன். அனுப்பு.”